முந்திச் சொல்லும் வக்கீலம்மா

"இந்த மாதிரி கேசு ஒண்ணு நான் தோத்திருக்கேனுங்க."

எங்கள் பேரூராட்சி மன்றக் கூடத்தில் வந்து உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்து, கொடுத்த தண்ணீரைக்கூடத் தொடாமல் அந்த வக்கீலம்மா சொன்ன முதல் வாக்கியம் இது. கவுன்சிலர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வேலை கேட்டு வந்தவர் யாராவது இப்படியா ஆரம்பிப்பார்? தலைவர் இருமினார். நான் அங்கே தலைமை எழுத்தர். கூட்டத்தில் பேசுவதையெல்லாம் எழுத வேண்டியவள். இதை எழுதுவதா வேண்டாமா என்று பேனாவைப் பிடித்துக்கொண்டு முழித்தேன்.

"எழுதிக்கங்க," என்றார் என்னைப் பார்த்து. "பின்னாடி தெரிஞ்சா சங்கடப்படுவீங்க."

அவர் பெயரை நான் இங்கே போடப் போவதில்லை. போட்டால், எழுதினதில் எங்கெங்கே தப்பு என்று போன் பண்ணிச் சொல்லுவார், அதற்கு எனக்குத் தெம்பு இல்லை. இப்போது மகள் ஊரோடு போய்விட்டதாகக் கேள்வி. அங்கேயும் யாரிடமாவது எதையாவது முந்திக்கொண்டு சொல்லிக்கொண்டுதான் இருப்பார், அதில் சந்தேகமே வேண்டாம்.

அவரைக் கோயமுத்தூரிலிருந்து கூட்டிவர வேண்டி வந்ததே எங்கள் மலையின் லட்சணத்தால்தான். இங்கே எல்லாருக்கும் எல்லாரும் வேண்டப்பட்டவர்கள். குன்னூரில் ஒரு வக்கீல் எங்கள் கேசுக் கட்டைப் பிரித்துப் படித்தார். படித்து முடித்து, மகள் கல்யாணத்துக்கு நீங்கள் கேசு போடுகிற அதே ரிசார்ட்டில்தான் மண்டபம் சொல்லி வைத்திருக்கிறேன் என்று மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஊட்டியில் ஒருவர் அந்த ரிசார்ட்டின் பழைய வக்கீலுக்கு மருமகனாம். இன்னொருவருடைய தம்பி அங்கே காய்கறி சப்ளை. சரி, மலைக்குக் கீழே இருந்து யாரையாவது பிடிக்கலாம் என்று தீர்மானம் போட்டோம்.

விஷயம் இதுதான். ஊருக்கு மேலே, தேயிலைத் தோட்டம் முடிகிற இடத்தில் அந்தப் பெரிய ரிசார்ட். அதற்குள்ளிருந்து ஒரு ஓடை வருகிறது. காம்பவுண்டுச் சுவருக்கு அடியில் ஒரு கம்பித் தடுப்பு, அதன் வழியாக வெளியே வந்து, ரோட்டை ஒட்டியே இறங்கி எங்கள் தடுப்பணையில் சேரும். ஊர் முழுக்கக் குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான். ஒரு மழைக்காலத்தில் குழாயைத் திறந்தால் டீசல் வாசம். குடத்தில் எண்ணெய் மினுமினுத்தது. குழந்தைகள் வாந்தி எடுத்தார்கள். ரிசார்ட்டின் ஜெனரேட்டர் டேங்க் ஒழுகுகிறது என்று அங்கே வேலை பார்த்தவர்களே கடைத்தெருவில் பேசினார்கள். கோர்ட்டில் வந்து சொல்லுங்கள் என்றால் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை.

பேரூராட்சி லாரியில் தண்ணீர் வாங்கி ஊற்றியது, அணையைக் காலி செய்து சேற்றை வாரியது, வடிகட்டி மணலை மாற்றியது. எல்லாம் முடிந்து ரிசார்ட்டிடம் செலவைக் கேட்டால், எண்ணெய் எங்களுடையது இல்லை, ரோட்டில் போகிற லாரிகளில் இருந்து சிந்தினது என்று பதில் வந்தது. ஆய்வுக்கூடத்தில் கொடுத்துப் பார்த்தோம். டீசல்தான் என்று சொன்னார்கள். யாருடைய டீசல் என்று எந்த ஆய்வுக்கூடம் சொல்லும்?

இதில் என் வயிற்றெரிச்சல் தனி. துப்புரவுக்குச் செலவான பணம், மேட்டுக் காலனிக்குப் பைப் போட ஒதுக்கி வைத்த பணம். என் வீடும் மேட்டுக் காலனியில்தான். தெருக்குழாய் கீழே ரோட்டோரம். அங்கிருந்து பாசி பிடித்த படியில் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏற வேண்டும். ஆபீஸ் விட்டு வந்து புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நானும் ஏறுவேன். பக்கத்து வீட்டுப் பெண் மழையில் வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டாள். இந்தா பைப் வருகிறது, இந்தா வருகிறது என்று காத்திருந்து, குழி தோண்ட அடையாளம் போட்ட பிறகு பணம் ஓடையில் போயிற்று. கேசு ஜெயித்தால் பைப். தோற்றால் படிதான். எனக்கு இதில் வேறு நியாய அநியாயம் எதுவும் தெரியாது.

அப்படிப்பட்ட நேரத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு, தோத்திருக்கேன் என்கிறாரே இந்தம்மா என்று எனக்கு எரிச்சலான எரிச்சல்.

ஒரு கவுன்சிலர் கெட்டிக்காரத்தனமாக, பணம் வந்தால் அதில் உங்களுக்கு ஒரு பங்கு, வராவிட்டால் ஒன்றும் இல்லை, அப்படி வைத்துக்கொள்ளலாமே என்றார். அப்படி வாங்குவது எங்கள் தொழிலில் தப்பு என்றார் வக்கீலம்மா. அதோடு நிறுத்தியிருக்கலாம். தோற்றாலும் எனக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்தாக வேண்டும், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், இடது காது எனக்கு மந்தம், முக்கியமான விஷயமென்றால் வலது பக்கம் வந்து பேசுங்கள் என்றார். ஆனாலும் அவரையே வைத்துக்கொண்டோம். வேறு ஆள் கிடைக்கவில்லை என்பதும் ஒரு காரணம். அதையும் தலைவர் சொல்லுவதற்கு முன்னால் அவரே சொல்லிவிட்டார்.

பெண் வக்கீல் என்பதால் அவரோடு போய் வர என்னைப் போட்டார்கள். காலையில் மேட்டுப்பாளையம் வழியாகப் பஸ் ஏறி வருவார். குன்னூர் பஸ் ஸ்டாண்டில் நான் நிற்பேன். அங்கிருந்து ஊட்டி கோர்ட்டுக்கு இரண்டு பேரும் போவோம். முதலில் மேடம் என்றேன். இரண்டாவது வாய்தாவிலேயே அக்கா ஆகிவிட்டது. அவருக்கு நான் அம்மிணி.

பழகப் பழகத்தான் தெரிந்தது, அந்தம்மாவுக்கு இது வக்கீல் தொழிலுக்காகப் பழகின பழக்கம் இல்லை, பிறவிக் குணம். தன் பக்கம் இருக்கிற ஓட்டை உடைசலை அடுத்தவன் கண்டுபிடிப்பதற்கு முன்னால் தானே எடுத்து வெளியே வைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் சோறு இறங்காது. கண்டக்டர் கேட்பதற்கு முன்னால், பெரிய நோட்டுத்தான் இருக்கு, திட்டாதீங்க என்பார். அவர் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த எலுமிச்சை சாதத்தை என்னிடம் நீட்டும்போது, உப்புக் கூடிப்போச்சு, அடியில இருக்கறத விட்டுட்டு மேலாப்புல எடுத்துக்க என்பார். சாப்பிட்டால் உப்புச் சரியாகத்தான் இருக்கும்.

ஒரு நாள் ஊட்டியில் குளிர் பிடுங்கி எடுத்தது. நான் நடுங்குவதைப் பார்த்துவிட்டு அடுத்த முறை வரும்போது தன்னுடைய ஸ்வெட்டர் ஒன்றைக் கொண்டு வந்தார். நீல நிறம், நல்ல கம்பளி. கவரிலிருந்து எடுத்து என்னிடம் கொடுக்கும் முன்பே இடது கையைத் திருப்பி, முழங்கைக்கிட்ட பூச்சி அரிச்ச ஓட்டை, பாத்துக்க என்றார். சும்மா கொடுக்கிற சாமானுக்குக்கூட ஒரு குறை சொல்லிக் கொடுத்தால்தான் அவருக்கு நிம்மதி. அந்த ஸ்வெட்டரை இன்னும் நான் போடுகிறேன். ஓட்டையைத் தைக்கவே இல்லை, ஏனோ மனசு வரவில்லை.

கட்டிக்கொண்டவரிடமும் இதே கதைதான். பஸ்ஸில் வரும்போது ஒரு நாள் சொன்னார். பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் உட்கார்ந்து, காப்பி கொடுத்து, நல்லபடியாகப் பேசிக்கொண்டிருக்கும்போது, இவர் நேராக மாப்பிள்ளையிடம் போய், எனக்கு இடது காது கேட்காது, உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று சொல்லிவிட்டார். இவருடைய அம்மா உள்ளே போய் அழுதாராம்.

"மாப்பிள்ளை என்ன சொன்னாருங்க?" என்று கேட்டேன்.

"காப்பி நல்லா இருக்குதுன்னாரு. அது எங்க சித்தி போட்ட காப்பின்னு சொன்னேன்."

அவர் சிரித்த சிரிப்பில் முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். முப்பது வருஷம் அந்த மனிதர் அவருக்கு வலது பக்கமாகவே நடந்து வந்தாராம். அதைச் சொல்லும்போது வக்கீலம்மாவின் முகம் அப்படி மலர்ந்தது. எனக்கும் நெஞ்சு நிறைந்து போயிற்று, பொறாமையாகவும் இருந்தது, இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஆபீஸில் ஆனால் வக்கீலம்மா பெயரைக் கேட்டாலே பல்லைக் கடித்தார்கள். துப்புரவுச் செலவு என்று நாங்கள் கட்டிக் கொடுத்த ரசீதுகளில், ஆபீஸுக்குப் பெயிண்ட் அடித்த செலவையும் எங்கள் செயல் அலுவலர் சொருகியிருந்தார். அவரை நாங்கள் இ.ஓ. சார் என்போம். நல்ல மனிதர், கொஞ்சம் பயந்த சுபாவம், சந்தடி சாக்கில் ஒன்றிரண்டைத் தள்ளிவிடுகிற சர்க்கார் பழக்கம் மட்டும் உண்டு. ஒரு கவுன்சிலர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போன தண்ணீர் லாரியும் அதில் சேர்ந்திருந்தது. வக்கீலம்மா இரண்டையும் தனியாக எடுத்து வைத்து, இது எண்ணெயைக் கழுவின செலவு இல்லை என்றார். எதிர்த்தரப்புக்கு எப்படித் தெரியப் போகிறது என்று கேட்டார்கள். தெரியாவிட்டால் நான் சொல்ல வேண்டி வரும், அதனால்தான் எடுக்கிறேன் என்றார். அந்தக் கவுன்சிலர் அதற்குப் பிறகு என்னைப் பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். அந்தம்மாவோடு சுற்றுகிறேன் அல்லவா, அதனால்.

எங்கள் மேஸ்திரியைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். துப்புரவுப் பணியாளர்களுக்கு மேற்பார்வை. ஆள் நெட்டை, மீசை பெரிது, வேலையில் சுத்தம். மேலிடத்திலிருந்து யாராவது ஊருக்கு வருகிறார்கள் என்று காதில் விழுந்தால் போதும், அவர் உடம்புக்குள் ஏதோ புகுந்துகொள்ளும். வழியெல்லாம் புல்லைச் செதுக்கி, சாக்கடையை வழித்து, ரோட்டின் இரண்டு பக்கமும் பிளீச்சிங் பவுடரில் நூல் பிடித்த மாதிரி வெள்ளைக் கோடு போட்டுவிடுவார். கலெக்டர் வந்தாலும் கோடு, ஆடிட் பார்ட்டி வந்தாலும் கோடு. தமிழ்நாட்டில் எந்த உள்ளாட்சி ஆபீஸிலும் இது உண்டு. ஆனால் எங்கள் மேஸ்திரி கோடு மாதிரி வராது. வந்தவர் கார் கண்ணாடியை இறக்கி அதைப் பார்த்துவிட்டால் அன்றைக்கெல்லாம் மீசையைத் தடவிக்கொண்டிருப்பார்.

வக்கீலம்மா ஒரு நாள் ஓடையைப் பார்க்க வேண்டும் என்றார். அணையிலிருந்து ரிசார்ட் சுவர் வரை மேஸ்திரி முன்னால் போக, நாங்கள் பின்னால் ஏறினோம். அட்டைப்பூச்சிக்குப் பயந்து வக்கீலம்மா காலில் உப்பைத் தடவிக்கொண்டு வந்தார். அப்படியும் இரண்டு ஒட்டிக்கொண்டன. சுவருக்குக் கீழே ஓடைக்கரையில் கறுப்பாக எண்ணெய்ச் சேறு அப்படியே கிடந்தது. அணையைச் சுத்தம் செய்ததோடு எங்கள் கையிருப்புத் தீர்ந்துபோனதால் அந்தப் பகுதியில் யாரும் கை வைக்கவில்லை. வக்கீலம்மா அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டார்.

கோர்ட்டில் அந்தப் படத்தைக் காட்டினால், இது எந்த ஊர் ஓடையோ யாருக்குத் தெரியும் என்றார் ரிசார்ட்டின் வக்கீல். பார்த்தார் நீதிபதி. வேறொரு வக்கீலைக் கமிஷனராகப் போட்டு, நேரில் போய் ஓடையைப் பார்த்து எழுதிக்கொண்டு வாருங்கள் என்றுவிட்டார். ரிசார்ட்டுக்கு உள்ளேயும் பார்க்க வேண்டும் என்று நம் வக்கீலம்மா கேட்டதற்கு, அது தனியார் இடம் என்று அவர்கள் குதித்தார்கள். ஓடையைப் பார்த்தால் போதும் என்று உத்தரவு வந்தது.

கமிஷனர் வருகிற வரை அந்தச் சேற்றை யாரும் தொடக் கூடாது என்று வக்கீலம்மா இ.ஓ. சாரிடம் தெளிவாகச் சொல்லிவிட்டுத்தான் மலை இறங்கினார். இ.ஓ. சார் மேஸ்திரியைக் கூப்பிட்டு, கோர்ட்டிலிருந்து ஆள் வருகிறார்கள் என்றார். அதற்குள் வேறு ஏதோ போன் வந்துவிட்டது. மீதியைச் சொல்ல மறந்தே போனார். மேஸ்திரிக்கு அதற்கு மேல் ஒரு வார்த்தை தேவையா?

அன்று காலை நானும் வக்கீலம்மாவும் ஜீப்பை விட்டு இறங்கி ஓடைப் பக்கம் திரும்பினதும், இது வேறு ஓடையோ என்று எனக்குத் தோன்றியது. ஓடைக்கரையில் ஒரு புல் இல்லை. கறுப்புச் சேற்றைச் சுரண்டி எடுத்து, கல்லைக்கூடத் தேய்த்துக் கழுவியிருந்தார்கள். இரண்டு கரையிலும் பளீரென்று வெள்ளைக் கோடு. அணையில் ஆரம்பித்து, வளைவுக்கு வளைந்து, நேராக ரிசார்ட் சுவர் வரைக்கும் போயிருந்தது. பிளீச்சிங் பவுடர் வாசத்தில் கண் எரிந்தது. கோட்டின் முனையில் மேஸ்திரி துவைத்த காக்கிச் சட்டையில் நின்று எங்களுக்கு வணக்கம் வைத்தார்.

"கோர்ட்டுல இருந்து வர்றாங்கன்னா சும்மா உட முடியுங்களா? விடியக்கருக்கல்ல எறங்கி வழிச்சுப் போட்டமுங்க," என்றார். அந்த முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்தால் திட்டக்கூட வாய் வராது.

பின்னாலேயே வந்த இ.ஓ. சார் பார்த்துவிட்டு அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு என் படிதான் கண் முன்னால் வந்தது. குடமும் பாசியும். கேசு போச்சு, பைப்பும் போச்சு, மேஸ்திரி கையாலேயே போச்சு.

இ.ஓ. சார் எழுந்து வந்து, வக்கீலம்மாவின் காதோரம் குனிந்து ஏதோ சொன்னார். பாவம், அவசரத்தில் இடது காதுக்குப் போய்விட்டார்.

"அந்தக் காது கேக்காதுங்க சார். சத்தமாச் சொல்லுங்க."

சுற்றிலும் பணியாளர்கள் நிற்கிறார்கள். மேஸ்திரி பார்த்துக்கொண்டிருக்கிறார். இ.ஓ. சார் முதலில் காதோரம் சொன்னது பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்டிருந்தது. ராத்திரி மழையில் அடித்துக்கொண்டு போய்விட்டது என்று சொல்லிவிடலாம் என்பதுதான் அவர் யோசனை. காதோரம் சொல்ல முடிந்ததை அத்தனை பேருக்கு நடுவில் சத்தமாகச் சொல்ல அவரால் முடியவில்லை. ஒண்ணுமில்லைங்க என்று நகர்ந்துவிட்டார்.

ஆனால் எனக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. நான் வக்கீலம்மாவின் வலது பக்கம் போனேன். "அக்கா, மழைன்னு சொல்லிப்போடுங்க. எங்க காலனிக்குப் பைப்பு வரோணும். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அவருக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை.

"தோத்தா நாம ரெண்டு பேரும் உக்காந்து அழுதுக்கலாம் அம்மிணி. பொய் சொல்லி ஜெயிச்சா, அந்தப் பைப்பத் தொறக்கும்போதெல்லாம் நீ என்னைய நெனப்ப. அப்படி நெனக்க வேண்டாம்."

கமிஷனர் வந்து இறங்கினார். சின்ன வயசு, கறுப்புக் கோட்டுக்குள் இரண்டு ஸ்வெட்டர் போட்டிருந்தார். கூடவே ரிசார்ட்டின் வக்கீலும் மேனேஜரும். ரிசார்ட் வக்கீல் ஓடையை ஒரு பார்வை பார்த்தார். அவருக்கு வாயெல்லாம் பல். அவர் ஆரம்பிப்பதற்குள் நம் வக்கீலம்மா முந்திக்கொண்டார்.

"ஐயா, நேத்து வரைக்கும் இங்க எண்ணெய்ச் சேறு கெடந்துச்சு. இன்னைக்கு இல்ல. எங்க ஆளுங்களே அள்ளிட்டாங்க. நாங்க பண்ணின தப்பு. மொதல்ல அத எழுதிக்குங்க."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். ரிசார்ட் வக்கீல் சொல்ல வைத்திருந்ததை இவரே சொல்லிவிட்டதால், அவருக்குச் சொல்ல ஒன்றுமில்லாமல் போயிற்று. சாட்சியை அழித்துவிட்டார்கள் என்று கத்தலாம் என்றால், அழித்துவிட்டோம் என்று இவர்களே சொல்லிக்கொண்டு நிற்கிறார்களே!

கமிஷனர் எழுதினார். எழுதிவிட்டு, அள்ளினவர்கள் யார் என்று கேட்டார். மேஸ்திரி முன்னால் வந்தார். அள்ளின சேறு எங்கே என்றால், பேரூராட்சிக் குப்பைக் கிடங்கில் தனியாகக் கொட்டி வைத்திருக்கிறது என்றார். எங்கேயிருந்து எது வரை அள்ளினீர்கள் என்று கேட்டார்.

"அணையில இருந்து இந்தச் செவுரு வரைக்குமுங்க."

"அதுக்கு மேல?"

"அதுக்கு மேல போக முடியலீங்க. கம்பிக்கு அந்தப் பக்கமும் நெறயக் கெடக்குது. வாட்ச்மேன் உடமாட்டேன்னுட்டாரு. அதையும் வழிச்சிருந்தா இன்னும் சுத்தமா இருந்திருக்குமுங்க."

அது ஒரு குறையாக அவர் மனசில் இருந்திருக்கிறது. அதைத்தான் சொன்னார்.

கமிஷனர் குனிந்து கம்பித் தடுப்புக்குள் பார்த்தார். பிறகு முட்டி போட்டே பார்த்தார். நாங்களும் பார்த்தோம். வெளியே கடைசிக் கல் வரைக்கும் வெள்ளை வெளேரென்று இருந்தது. கம்பிக்கு அந்தப் பக்கம் கரியாகக் கறுத்துக் கிடந்தது. நேற்று வரை உள்ளேயும் வெளியேயும் ஒரே கறுப்பு, யார் கண்ணுக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது.

கேட்டைத் திறக்கச் சொன்னார் கமிஷனர். தனியார் இடம் என்று ரிசார்ட் வக்கீல் ஆரம்பித்தார். எனக்கு உத்தரவு ஓடையைப் பார்க்கச் சொல்லி, ஓடை இந்தச் சுவரோடு முடிவதாக அதில் எழுதவில்லை என்றார் அந்தச் சின்ன வயசுக்காரர். மேனேஜர் யாருக்கோ போன் போட்டுப் பார்த்தார். கடைசியில் கேட் திறந்தது. உள்ளே சேறு ஓடையோடு மேலே ஏறி, ஜெனரேட்டர் ஷெட்டுக்குப் பின்னால் போய் நின்றது. அதற்கு மேலே ஓடை தெளிவாக ஓடிக்கொண்டிருந்தது. வெளி ரோட்டில் போகிற லாரியில் சிந்தின எண்ணெய், சுவருக்குள் புகுந்து, தண்ணீருக்கு எதிராக மேட்டில் ஏறி ஷெட்டுக்குப் பின்னால் போய் உட்காருமா? அதை யாரும் கேட்கவே இல்லை. கேட்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

வெளியே வந்ததும் எனக்கு அந்தம்மாவைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. அவரோ மேஸ்திரியிடம் போய் நின்றார். நீங்க பண்ணினது தப்பு, இனிமேல் கேட்காமல் எதையும் அள்ளாதீங்க என்றார். மேஸ்திரி தலையைக் குனிந்துகொண்டார். போக இருந்தவர் திரும்பி, ஆனால் வேலை சுத்தம் என்றும் சொன்னார். மேஸ்திரியின் கை தானாக மீசைக்குப் போனது. ஜீப்பில் ஏறின பிறகு, கமிஷனர் உள்ளே போவார் என்று எனக்கே தெரியாது, என் சாமர்த்தியம் என்று யாரிடமும் சொல்லி வைக்காதே என்று என்னை மிரட்டினார். காலில் ஒட்டியிருந்த அட்டையை அப்போதுதான் இரண்டு பேரும் பார்த்தோம்.

அதற்குப் பிறகு ரிசார்ட்டே சமாதானத்துக்கு வந்தது. செலவைத் திருப்பிக் கொடுத்தார்கள், டேங்கையும் மாற்றினார்கள். பெயிண்ட் அடித்த செலவு மட்டும் எங்கள் தலையிலேயே நின்றது. கல்யாண லாரிக்கு அந்தக் கவுன்சிலரே கட்டினார், முனகிக்கொண்டே கட்டினார்.

மேட்டுக் காலனிக்குப் பைப் வந்தது. குழாய் திறக்கிற அன்று வக்கீலம்மாவையும் கூப்பிட்டிருந்தோம். படி ஏற முட்டி வலிக்கும், மெதுவாகத்தான் வருவேன், காத்திருக்கக் கூடாது என்று முன்னாலேயே போனில் சொல்லிவிட்டார். சொன்ன மாதிரி மெதுவாக ஏறி வந்தார். படியின் இரண்டு பக்கமும் வெள்ளைக் கோடு போட்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே வந்தார், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

தலைவர் குழாயைத் திறந்தார். தண்ணீர் முதலில் காற்றாகச் சீறி, பிறகு கொட்டியது. பெண்கள் குலவை இட்டார்கள். கை முறிந்த பக்கத்து வீட்டுப் பெண் அழுதுவிட்டாள். முதல் டம்ளரை வக்கீலம்மாவிடம் கொடுத்தோம். காலனியே அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. நல்லதாக நாலு வார்த்தை சொல்லுவார் என்று தலைவர் மைக்கை வேறு நீட்டினார்.

ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார். "பிளீச்சிங் வாசம் தூக்குதுங்க."

பின்னால் இருந்து மேஸ்திரி தலையைச் சொறிந்துகொண்டு வந்தார்.

"நீங்க வர்றீங்கன்னு தொட்டியில ரெண்டு கை சேத்திப் போட்டேனுங்க."

வக்கீலம்மா மைக்கில் சிரித்த சிரிப்பு கீழே ரோடு வரைக்கும் கேட்டிருக்கும். சிரித்து முடித்து, மூக்கைச் சுளித்துக்கொண்டு, மிச்சத் தண்ணீரையும் ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினார்.

நான் அந்த வாசத் தண்ணீரில் ஒரு குடம் பிடித்தேன். இடுப்பில் வைத்துப் பழக்கதோஷத்தில் படியைப் பார்த்துத் திரும்பினேன். அப்புறம்தான் ஞாபகம் வந்தது. என் வீட்டு வாசல் அங்கேயே, நாலு எட்டில் இருந்தது.